பதினான்கு தளக் கப்பலும் என் வயிற்றெரிச்சலும்

ஒரகடத்தில் கார் செய்தார்கள், டயர் செய்தார்கள், கண்ணாடி செய்தார்கள். கப்பல் செய்தவன் ஒருவன்தான். அவன் என் அறைக்கு வந்து சேர்ந்தது என் தலையெழுத்து.

2011 வாக்கில் ஒரே அறையில் நாங்கள் ஏழு பேர். ஷிப்டு மாற்றி ஷிப்டு ஒரே பாயில் படுப்போம். இருந்தது ஒரே ஜன்னல். அதிலும் ஈரத் துணி தொங்கும். தண்ணீர் டிரம்மின் மூடிமேல் தாளை வைத்து நான் எழுதிய ஒரு துணுக்கு வாரப் பத்திரிகையில் வந்துவிட்டது. அன்று முதல் எனக்கு ‘எழுத்தாளர்’ என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு கொதிக்கும்போது எல்லோரும் என்னிடம்தான் கதை கேட்பார்கள். ராஜா மாதிரி இருந்தேன்.

எட்டாவது ஆளாகத் தூத்துக்குடியிலிருந்து அவன் வந்தான். பேக்கிங் செக்‌ஷனில் வேலை. முதல் வாரமே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பதினான்கு தளமுள்ள உல்லாசக் கப்பல் ஒன்றைப் பென்சிலால் வரைந்து சுவரில் ஒட்டினான். பிறகு வாயைத் திறந்தான்; மூடவே இல்லை. எந்தக் குளிர்தேசத்தில் கட்டினார்கள், கட்டும்போது அடியில் எதற்கு நாணயம் வைத்தார்கள், எந்த மணல்திட்டில் தட்டி நின்றது, கம்பெனி கைமாறி எத்தனை முறை பெயர் மாறியது, எல்லாம் சொன்னான். ‘நம்ம கப்பல்’ என்றுதான் சொல்வான். அதில் வேலை பார்த்தவன் என்று நாங்கள் நம்பினோம். அவன் சொந்தப் பெயர் போய், கப்பல் என்பதே பெயராகிவிட்டது.

என் ரசிகர்கள் ஒரே ஞாயிற்றில் கட்சி மாறினார்கள். வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

வீட்டு ஓனர் மகன் ஏழுமலை வெல்டிங் ஆள். அவன்தான் முதல் சீடன்.

“டிக்கெட்டுக்கு ஆள் நிக்கி, ரூம் பத்தல. கப்பல ரெண்டா வெட்டிட்டான்வே” என்றான் கப்பல் ஒருநாள்.

“இன்னாது, வெட்னானா?”

“ஆமா. நடுவுல புதுத் துண்டு ஒண்ணு சொருவித் திரும்ப ஒட்டிட்டாங்க. எழுவது அடி நீளம் கூடிட்டு.”

“ஐய! யாருப்பா ஒட்னது? எத்தினி பேரு? எத்தினி நாளு?” ஏழுமலைக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மாட்டினான் என்று எனக்குக் குஷி. அரை நாள் லீவு போட்டு, ஷேர் ஆட்டோவில் படப்பை போய், பிரவுசிங் சென்டரில் தேடினேன். பாவி, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். உல்லாசக் கப்பலை வெட்டி ஒட்டி நீளமாக்குவது உண்டாம். படம் வேறு போட்டிருந்தது. லீவு தண்டம்.

பொறுத்தார் பூமி ஆள்வார். அறையில் எல்லோருக்கும் படிவம் நிரப்பித் தருவது நான்தான். பேங்குக் கணக்குத் தொடங்க கப்பல் தன் பாஸ்போர்ட்டைக் கொடுத்தான். புரட்டினேன். ஒரு பக்கத்தில்கூட முத்திரை இல்லை. ஆள் நாட்டைவிட்டுத் தாண்டியதே இல்லை!

ஞாயிறு வரை அடக்கி வைத்தேன். குழம்பு கொதிக்கும் நேரம் பார்த்து எல்லோர் முன்னாலும் பாஸ்போர்ட்டை விரித்தேன். “இவரு கப்பல் ஏறுன முத்திரை எங்கேன்னு கேளுங்கப்பா!”

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கப்பல் கத்தியைக் கீழே வைத்தான்.

“மெடிக்கல்ல தள்ளிட்டாங்கண்ணே. செவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுபோலத் தெரியுமாம். அதுக்கு முன்ன ரெண்டு வருசம், எப்பம் கூப்பிட்டாலும் போவணும்னு அந்தக் கப்பலப் பத்திப் படிச்சு வச்சிருந்தேன். படிச்சது மறக்க மாட்டேங்கு.”

என் ராஜ்ஜியம் திரும்பிவிட்டது என்று தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் ஏழுமலை முந்திக்கொண்டான்.

“சர்தான் எழுத்தாளரே, அத்த வுடு. நீ சொல்லு கப்பலு. ஒட்ன துண்டு தண்ணில தாங்கிச்சா, இல்லியா?”

“தாங்காம பின்ன? அதுக்கப்புறந்தான் நல்லா ஓடிச்சு!” கப்பல் நிமிர்ந்து உட்கார்ந்தான். குழம்பு அடிப்பிடித்த வாசனை யாருக்கும் எட்டவில்லை. எழுந்து போய்க் கிளறியது நான்தான்.

மறுநாள் வழக்கம்போல எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த வருடம் ஊரிலேயே வேலை கிடைத்துப் போய்விட்டான். படம் சுவரிலேயே இருந்தது. அதில் எட்டுப் பேருக்கும் அறை ஒதுக்கியிருக்கிறான் என்று பையன்கள் சொல்வார்கள். எனக்கு எஞ்சினுக்குப் பக்கத்தில்தான் கொடுத்திருப்பான் என்று நான் கிட்டப் போய்ப் பார்த்ததே இல்லை. அறையைக் காலி செய்த அன்று, கிழித்துப் போடலாம் என்று போனேன்.

அடித்தளத்தில், பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் தன் பெயரைப் போட்டிருந்தான். பதினான்காவது தளத்தில், கடலைப் பார்த்து, பெரிதாக ஓர் அறை. ‘எழுத்தாளர். மேசை, ஜன்னல் உண்டு. யாரும் கதவைத் தட்டக் கூடாது.’

வந்த முதல் வாரம் எழுதியது. பென்சில்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அழிப்பதாக இருந்தால் ஒரு நிமிட வேலை. அவன் அழிக்கவில்லை.

இப்போது எனக்கு மேசை இருக்கிறது, ஜன்னலும் இருக்கிறது. ஆனால் அவனைப்போல நாலு பேரைக் கட்டிப்போட இன்னும் வரவில்லை. வயிறு எரியத்தான் செய்கிறது. எதிர்ச் சுவரில் இருக்கும் அந்தக் காலண்டர் தாளை மட்டும் யாரையும் தொட விடுவதில்லை.