கை வேலையாக இருக்கிற மனுஷன்

நில அளவையர் பகலெல்லாம் நிலத்தை அளப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அளந்து விடுவார். ஆனால் வரப்போகிற ஐந்து நாள் லீவுக்குப் போட்டிருந்த திட்டத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அதே ஐந்து நாளும் டீவியில் டெஸ்ட் மேட்ச். முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை சோபாவை விட்டு எழுந்திருப்பதில்லை என்று மனசுக்குள் சபதமே எடுத்திருந்தார்.

குறுக்கே நின்றது ஒரே ஒரு ஆள்தான். பள்ளிக்கூட டீச்சரான அவர் மனைவிக்கும் அதே ஐந்து நாள் லீவு. அவர் சும்மா உட்கார்ந்தால் அவளுக்குக் கண்ணை உறுத்தும். உடனே பரண் ஞாபகம் வரும். ஒழுகுகிற குழாய் ஞாபகம் வரும். ஆனால் அவள் ஸ்வெட்டர் பின்ன உட்கார்ந்துவிட்டால், காலிங்பெல் அடித்தாலும் சரி, பால் பொங்கினாலும் சரி, ஒரே பதில்தான்.

"கை வேலையா இருக்கேங்க. நீங்க போய்ப் பாருங்களேன்."

பன்னிரண்டு வருஷமாகப் போய்ப் போய்ப் பார்த்தவருக்கு, லீவுக்கு ஒரு மாசம் இருக்கும்போதுதான் பொறி தட்டியது. கை வேலையாக இருந்தால் தப்பித்துவிடலாமே! மறுநாளே கீழ்வீட்டுத் தையற்காரம்மாவிடம் ரகசியமாகப் பின்னல் கற்றுக்கொள்ளப் போனார். பத்து விரலும் வீங்கின. ஆனாலும் மனுஷர் பின்னிவிட்டார்.

லீவின் முதல் நாள் காலை. டாஸ் போட்டாயிற்று. அளவையர் மடியில் கம்பளி நூல் உருண்டை, கையில் இரண்டு ஊசி. மனைவி கூடத்துக்கு வந்தாள்.

"ஏங்க, அந்தப் பரண்..."

"கை வேலையா இருக்கேம்மா."

சொல்லிவிட்டு, அவள் சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தார். வரவில்லை.

"அட! நீங்க பின்னுங்க, நீங்க பின்னுங்க" என்றபடி பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். தலையணை மாதிரி தடியாக ஒரு நாவலைப் பிரித்தாள். பிறகு ரிமோட்டை எடுத்து நீச்சல் போட்டிக்கு மாற்றினாள்.

அளவையருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏய், மேட்ச் ஓடுதும்மா!"

"இதுவும் மேட்ச்தானேங்க."

"ரிமோட்டைக் குடு."

"எந்தக் கையில வாங்குவீங்க?"

இரண்டு கையிலும் ஊசி. விட்டால் கண்ணி கழன்றுவிடும். கழன்றால் கை சும்மாவாகிவிடும். கை சும்மாவானால் பரண். வாயை மூடிக்கொண்டு பின்னினார்.

இப்படியே நாலு நாள். சாப்பாடு கடையிலிருந்து வந்தது. அவள் மூன்று நாவலை முடித்தாள். நீச்சல், டென்னிஸ், சைக்கிள் பந்தயம் என்று ஒன்று விடாமல் பார்த்தாள். அவரோ பக்கத்து வீட்டுச் சுவரில் காதை வைத்து, அங்கே கேட்ட கூச்சலை வைத்தே யார் அவுட் என்று ஊகித்துக்கொண்டிருந்தார். ஸ்வெட்டராவது முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. தையற்காரம்மா கொடுத்த டிசைன் அப்படி. ஒரு வரி பின்னினால் இரண்டு வரி பிரிக்க வேண்டியிருந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டில் கூரையே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சத்தம். அளவையரால் தாங்க முடியவில்லை. ஸ்வெட்டரைத் தூக்கி எறிந்தார்.

"என் கை வேலை முடிஞ்சு போச்சு! பரண்ல ஏறுறேன், குழாயைப் பார்க்கிறேன், என்ன வேணா செய்யறேன். மேட்சை மட்டும் போடு!"

மறுபேச்சு இல்லாமல் ரிமோட்டை நீட்டினாள். அதுவே அவருக்குப் பகீரென்றது.

மேட்சைப் போட்டார். மிச்சம் ஒரே பந்து. வேண்டியது மூணு ரன். கையில் ஒரே விக்கெட். பந்து வீச்சாளர் ஓடி வர ஆரம்பித்தார்.

காலிங்பெல் அடித்தது.

திரும்பிப் பார்த்தார். அவர் எறிந்த ஸ்வெட்டர் அவள் மடியில். ஊசிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"நான் கை வேலையா இருக்கேன். நீங்கதான் சும்மா இருக்கீங்க."

பன்னிரண்டு வருஷப் பழக்கம்; கால் தானாக வாசலுக்குப் போய்விட்டது. கதவைத் திறந்தால் தையற்காரம்மா.

"சார், ஸ்வெட்டர் முடிஞ்சுதா?"

"அதை இப்பத்தான் வந்து கேட்கணுமா?"

"டீச்சர்தான் சரியா அஞ்சு மணிக்கு வரச் சொன்னாங்க."

"நான் உன்கிட்ட கத்துக்கிட்டது அவளுக்கு எப்படி...?"

"நீங்க கத்துக்க வந்த அன்னைக்கே சொல்லிட்டேனே சார்! 'லேசுல முடியாத டிசைனாப் பார்த்துக் குடு, அஞ்சு நாள் நான் நிம்மதியாப் படிக்கணும்'னாங்க."

அந்த நேரம் பார்த்து உள்ளே டீவியில் ஒரு பேரிரைச்சல். அளவையர் விழுந்தடித்து ஓடினார். டீவியில் பற்பசை விளம்பரம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஐயோ! யாரு ஜெயிச்சா? சொல்லேம்மா, யாரு ஜெயிச்சா?"

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னுமா உங்களுக்குத் தெரியல?"