மொம்பாசா தாதா

நியூஜெர்சி முழுக்கத் தேடினாலும் அந்த நாளில் தாதா என்று சொல்லிக்கொள்ளும் யோக்கியதை ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அவர் பருத்திப் புடவையும் கான்வாஸ் ஷூவும் அணிந்து, எடிசனில் எங்கள் அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தில் ஆறு குழந்தைகளுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டிருந்தார்.

அப்போது அவர் வெறும் டேகேர் ஆன்ட்டி. பொள்ளாச்சிக்காரர். அண்ணன் ஸ்பான்சர் செய்து வந்தவர். வயது நாற்பத்தேழு, கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டவர். காலை ஏழு மணிக்கு ஆறு அம்மாக்களும் குழந்தையை அவர் கையில் திணித்துவிட்டு மன்ஹாட்டன் ரயிலுக்கு ஓடுவார்கள். அவர் சமையலறையில் ஒரு டிராவல் ஏஜென்சி காலண்டர். ஜூலை மாதத்துக்கு மொம்பாசா துறைமுகத்தின் படம். டிசம்பர் வந்தும் அந்த வீட்டில் ஜூலை முடியவில்லை. ஒரு சனிக்கிழமை அம்மாக்களையும் மாடி வீட்டிலிருந்த எங்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ரெண்டு வாரம் லீவுங்க. கென்யாவுல மொம்பாசா போறன். ஊரைச் சுத்திக்காட்ட அங்கத்த ஆளையே கைடா பேசி வச்சாச்சு."

கூடத்தில் பூகம்பம். அம்மாக்களின் தலைவி ரமா எழுந்து நின்றாள்.

"ஆன்ட்டி, ஆஃப்ரிக்கா சேஃபே இல்ல! அதுவும் முன்ன பின்ன தெரியாத ஒரு ஆம்பளையோட!"

"நீ தினமும் சப்வேல போறியே, அதுல பக்கத்துல நிக்கறவன் உனக்கு சித்தப்பனா?"

"அப்ப நாங்க வேற டேகேர் பாத்துப்போம். திரும்பி வந்து எங்களக் கேக்கக் கூடாது."

"தாராளமாப் பாருங்க. உன்ற பையனுக்கு டயப்பர் மாத்த ரெண்டு பேர் புடிக்கோணும்னு மட்டும் அங்க சொல்லிப்போடு."

என் கணவர் சமாதானமாக, துணைக்கு யாராவது போகலாமே என்றார். அவர் வேறு யாரையோ நினைத்துத்தான் சொன்னார். ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார். நான் வேலை பார்க்க அனுமதியில்லாத விசாவில் வந்து, ஒரு வருஷமாக ஜன்னல் வழியே பார்க்கிங் லாட்டை மேற்பார்வை செய்துகொண்டிருந்தவள். கணவர் இழுத்தார். "இல்ல ஆன்ட்டி, இவள எப்படி..."

"ஏந்தம்பி, உன்ற பர்மிஷனை பாஸ்போர்ட்ல எந்தப் பக்கத்துல ஸ்டாம்ப் பண்றாங்க?"

நான் மறுநாளே பெட்டி கட்ட ஆரம்பித்தேன்.

மொம்பாசா விமான நிலையத்தில் கைடு ஜுமா காத்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் குடை, பாக்கெட்டில் நிமிஷக் கணக்கில் போட்ட அட்டவணை. குனிந்து, "கரிபு, தாதா!" என்றார்.

ஆன்ட்டி பூரித்துப்போனார். "பாத்தியா கண்ணு? ப்ளேன்ல இருந்து எறங்கி அஞ்சு நிமிஷம் ஆகலை, ஆளைப் புரிஞ்சுக்கிட்டான்!"

சுவாஹிலியில் கரிபு என்றால் வருக, தாதா என்றால் சகோதரி என்று ஜுமா ஆங்கிலத்தில் விளக்கினார். அந்த அர்த்தத்தை ஆன்ட்டி கடைசிவரை ஏற்கவில்லை. நடையே மாறிவிட்டது.

மறுநாள் கோட்டைக்கு ஒன்பது மணி என்று அட்டவணை சொன்னது. கோட்டை வாசலில் ஒருவர் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். பொள்ளாச்சி ரத்தம் சும்மா இருக்குமா? "இப்படியா சீவறது? பாதி தண்ணி மண்ணுக்குல்ல போகுது!" என்று தமிழிலேயே அதட்டி, அவர் கையிலிருந்த வெட்டுக்கத்தியைப் பிடுங்கி, மூன்றே போடு. வாய் திறந்த இளநீரில் ஒரு சொட்டு சிந்தவில்லை. கூட்டம் கூடிவிட்டது. அடுத்த காயைக் கேட்டு இவர் கத்தியை ஓங்கி நிற்க, ஜுமா குடையைப் போட்டுவிட்டு "தாதா! தாதா!" என்று அலறினார். அந்த நேரத்தில் அவருக்கு அதைவிடப் பொருத்தமான வார்த்தை எந்த மொழியிலும் இருந்திருக்காது. கோட்டைக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி பதினொன்று. ஜுமா அட்டவணையை மடித்துக் கால்சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

கடைசி நாள் துணிக்கடைத் தெரு. பெண்கள் சுற்றிக்கொள்ளும் பூப்போட்ட துணி. லேசோ என்று பெயர். ஒவ்வொன்றின் கரையோரத்திலும் சுவாஹிலியில் ஒரு வரி அச்சிட்டிருந்தது. நேரில் சொல்ல முடியாததை ஒருத்தி இதை உடுத்திக்கொண்டு அடுத்தவளுக்குச் சொல்லிவிடுவாளாம். ஜுமா இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆன்ட்டி முந்தானையைச் செருகிக்கொண்டு கடையில் உட்கார்ந்துவிட்டார்.

"பேருதான் லேசோ. சேதி கனமா இருக்கோணும். படிங்க ஜுமா!"

மூன்று மணி நேரம் ஜுமா படித்தார். கோபம், குத்தல், ஏளனம் என்று ஆன்ட்டி பார்த்துப் பார்த்து ஆறு அம்மாக்களுக்கும் ஆறு எடுத்தார். ரமாவுக்கு எடுத்ததின் பொருள்: 'கதவைச் சாத்திக்கொண்டு என்னைப் பற்றிப் பேசு.'

விடுதியில் அவற்றை மடித்து வைத்தவர் ஆறாவதை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்கிக்க ஆளு வருவாங்களா கண்ணு? அந்தக் குழந்தைங்க இல்லாம ஏழு மணிக்கு எந்திரிச்சு நான் என்ன பண்ணுவன்?"

அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. அடுத்த நொடி அதையும் உள்ளே போட்டுப் பெட்டியைப் படாரென்று மூடினார். "வராட்டிப் போறாங்க. அதுக்காக மொம்பாசாவைப் பாக்காமச் சாவனா?"

எடிசனில் திங்கட்கிழமை ஏழு மணி. யாருமில்லை. ஏழு ஐந்து. ஆன்ட்டி கதவைத் திறந்துவைத்து, வாசலைப் பார்க்காத மாதிரி பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஏழு பத்துக்கு ரமா மூச்சிரைக்க வந்தாள். "ரெண்டு வாரத்துல மூணு டேகேர், ஆன்ட்டி! எல்லாரும் இவனத் திருப்பி அனுப்பிட்டாங்க." பையன் ஏற்கெனவே ஆன்ட்டியின் இடுப்பில் ஏறியிருந்தான். அரை மணிக்குள் மற்ற ஐந்தும் வந்து சேர்ந்தன.

"ஐயோ, ஸோ பியூட்டிஃபுல்!" என்று ரமா, ஆன்ட்டி எடுத்துக் கொடுத்த லேசோவைத் தோளில் போட்டுக்கொண்டாள். "என்ன எழுதியிருக்கு ஆன்ட்டி?"

"வாழ்த்துதான் கண்ணு. ட்ரெயினுக்கு நேரமாச்சு, ஓடு."

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் அடுத்த பாட்லக்கில் ஆறு பேரும் ஆறு வசவுகளைப் போர்த்திக்கொண்டு சிரித்தபடி வந்தார்கள். நான் தட்டைக் கீழே போட்டேன்.

எனக்கும் ஒன்று எடுத்திருந்தார், மஞ்சளில். அதைத் தேர்ந்தெடுத்தபோது அவரும் ஜுமாவும் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன் பொருளை இன்றுவரை நான் யாரிடமும் கேட்கவில்லை. திட்டாகவே இருக்கட்டும், அவர் திட்டுவதைக் கேட்க இப்போது எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது.