மிஷினுக்கு ஆரத்தி

திருவண்ணாமலை நெருப்புத் தலம். காற்றுத் தலம் வேண்டுமென்றால் காளஹஸ்திக்குத்தான் பஸ் ஏறவேண்டும். அந்தச் சிரமத்தைத் தீர்த்துவைக்க வேங்கிக்கால் கல்யாண மண்டபத்தில் வாயுசித்தர் அவதரித்தார். போன வருடம் வரை வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்றவர். தண்ணீரை முடித்துவிட்டுக் காற்றுக்கு வந்திருந்தார். பாக்கி மூன்று பூதங்களும் தங்கள் முறைக்குக் காத்திருந்தன.

மண்டபத்தில் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம், அவ்வளவு கூட்டம். மேடையில் சாமி படம் இல்லை. காற்றில் தூசும் புகையும் எவ்வளவு என்று எண் காட்டும் சின்ன மிஷின் ஒன்று, சந்தனம் குங்குமம் சகிதமாகப் பட்டுத்துணிமேல் உட்கார்ந்திருந்தது. எண் ஏறினால் சிவப்பு, இறங்கினால் பச்சை. பின்வரிசைக்காரர்களும் தரிசிக்கட்டும் என்று அதைப் பெரிய திரையிலும் காட்டினார்கள்.

மேடைக்குக் கீழே ஓர் உண்டியல். அதில் பணம் போடக்கூடாது. வீசிங்குக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் பம்ப்பைப் போடவேண்டும். "அத அடிச்சா நுரையீரல் சோம்பேறி ஆயிடும்" என்பது சித்தர் வாக்கு. பம்ப்பைப் போட்டவர்களுக்குக் கழுத்தில் பிராணக் கயிறு கட்டுவார். கயிற்றுக்குத்தான் காசு.

சரசு முன்வரிசையில் மகள் கீர்த்தனாவோடு உட்கார்ந்திருந்தாள். பெண் ஏழாவது படிக்கிறாள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பஸ்ஸும் வேனும் ஊருக்குள் புகை கக்கும்போது அவள் நெஞ்சு விசில் அடிக்கும். அதைக் கேட்டுக் கேட்டுச் சரசு பயந்துபோயிருந்தாள். அவள் கைப்பைக்குள் பம்ப் இருந்தது. அதை இன்று உண்டியலில் போடுவதாக வேண்டுதல். அந்த வாக்கை நம்பி, காசு கட்டிய கயிறு முன்கூட்டியே மகள் கழுத்தில் ஏறியிருந்தது.

மேளம் கொட்டியது. சீடன் குமரேசன் கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்தி, மிஷினுக்கு ஆரத்தி காட்டினான். மிஷினின் மூக்கிலேயே காட்டினான் என்று சொல்லவேண்டும். எண் குபுகுபுவென்று ஏறியது. திரை சிவந்தது.

"பாத்தீங்களா, காத்துல விஷம் எவ்ளோ ஜாஸ்தின்னு. இதத்தான் தெனமும் இழுக்கிறீங்க" என்றார் சித்தர். கண்ணை மூடி மந்திரம் முணுமுணுத்தார். குமரேசன் தட்டோடு கீழே இறங்கி வரிசை வரிசையாகப் போனான். ஜனங்கள் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மேடையில் மின்விசிறி சுழன்றது. எண் இறங்கி, திரை பச்சையானது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. மிஷினைச் சந்தேகப்படுகிறவன்கூட இருப்பான். ஆரத்தித் தட்டைச் சந்தேகப்பட நம் ஊரில் யாருக்குத் தோன்றும்?

தட்டு முன்வரிசைக்கு வந்ததும் கீர்த்தனா இருமினாள். போனதும் மூச்சு வாங்கி ஓய்ந்தாள். இரண்டாம் சுற்றுக்குத் தட்டு மேடைக்குத் திரும்பியது. திரை சிவந்தது. தட்டு மறுபடி இறங்கி வந்தது, திரை பச்சையானது. பெண்ணுக்கு மறுபடி அடைத்தது.

"அம்மா, அந்தத் தட்டு கிட்ட வந்தாத்தான் முடியல" என்றாள்.

சரசு மகளைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பிறகு தட்டைப் பார்த்தாள். பைக்குள்ளிருந்த பம்ப்பை எடுத்து மகள் கையில் கொடுத்து, "அடிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

"சாமி, ஒரு வேண்டுதல். இந்தத் தரம் தட்டு மிஷின் பக்கத்துலயே இருக்கட்டும். நாங்களே மேல வந்து ஒத்திக்கிறோம். நீங்க மந்திரம் சொல்லுங்க."

மேடையேறும் யோகம் என்றால் யாருக்குக் கசக்கும்? "ஆமா சாமி" என்று மண்டபமே சேர்ந்துகொண்டது. பக்தியோடு கேட்பதை எந்தச் சாமியார் மறுக்க முடியும்?

சித்தர் மந்திரம் சொன்னார். எண் ஏறியது. உரக்கச் சொன்னார். இன்னும் ஏறியது. தொண்டை கட்டும்வரை சொன்னார். மிஷினுக்குப் பக்தி போதவில்லை.

"கூட்டத்துல யாரோ பாவி இருக்காங்க" என்றார் சித்தர்.

"இருந்துட்டுப் போகட்டும் சாமி. இப்ப நீங்க வாயத் தொறக்காதீங்க" என்றாள் சரசு. "தம்பி குமரேசா, தட்ட வெளிய எடுத்துட்டுப் போ."

அவன் வழக்கம்போல எடுத்துக்கொண்டு நடந்தான். மந்திரம் இல்லை, மேளம் இல்லை. எண் தானாக இறங்கியது. திரை பச்சை.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த அப்பாசாமி எழுந்து நின்று நிதானமாகக் கேட்டார். "அப்போ சித்தரு குமரேசன்தானா?"

மண்டபம் சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் பலருக்குப் போட்ட பம்ப் ஞாபகம் வந்தது. உண்டியலைக் கவிழ்த்து அவரவர் பம்ப்பைத் தேடினார்கள். வாயுசித்தர் சமையல்கட்டு வழியாகக் காற்றாய்ப் பறந்திருந்தார். வைத்துக்கொண்ட பெயர் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் பலித்தது.

கீர்த்தனாவின் மூச்சு சீராகியிருந்தது. சரசு அவள் கழுத்துக் கயிற்றை அறுத்தாள். இந்தப் பாழாய்ப்போன கயிற்றுக்காகப் பிள்ளையின் மூச்சையே உண்டியலில் போட இருந்தோமே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

தட்டு நகர்ந்ததை அத்தனை பேரும் பார்த்திருக்கலாம். ஆனால் அது பக்கத்தில் வரும்போதெல்லாம் அவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். கும்பிடுவது உங்கள் இஷ்டம் ஐயா. ஒரு கண்ணையாவது திறந்து வைத்துக்கொண்டு கும்பிடுங்கள்.