பரிசோதனைக்கு ஒரு பொன்னாடை

'கலாசாரம் புரிந்தவர்' என்று ஒரு ரகம் உண்டு, வாசகரே. அமெரிக்காவில் நம்மவர்கள் கூடியிருக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தாலும் இவர் மேல்தான் விழும். பிறருடைய கலாசாரத்தை அந்தப் பிறரைவிட நன்றாக அறிந்தவர் இவர். அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்கிறீர்களா? அந்தச் சிரமத்தை அவர்களுக்குக் கொடுக்கமாட்டார். அவ்வளவு பெரிய மனசு.

நம் கையில் அகப்பட்டவர், ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்ட் ஊர்க்காரர் பத்ரி. ஹூஸ்டனில் கறுப்பின மக்கள் அதிகம் வாழும் ஒரு பகுதியில், பாலியல் நலத்துக்கும் எச்.ஐ.வி. தடுப்புக்குமாக நடக்கும் சிறிய கிளினிக் ஒன்றின் மேலாளர். வருகிறவர்கள் கூசாமல், குறுகாமல் வந்துபோகும்படி கிளினிக்கை மாற்றுங்கள் என்று மேலிடம் சொன்னதுதான் தாமதம். பத்ரி ஒரு பயிலரங்குக்குப் போனார், அடுத்ததைத் தாமே நடத்தினார், சுவரெல்லாம் ஆப்பிரிக்கத் துணி மாட்டினார், காத்திருக்கும் அறையில் ஓயாமல் முரசு இசையை ஓடவிட்டார், உள்ளே நுழைந்தவர்களை எல்லாம் கையை நெஞ்சில் வைத்து 'சகோதரி', 'சகோதரா' என்று அழைத்தார். தலைமுறை தலைமுறையாக டெக்சாஸில் வாழ்கிற மனிதர்கள் அந்த முரசைக் கேட்டுத் திருதிருவென்று விழித்தார்கள். மனம் நெகிழ்ந்துவிட்டார்கள் என்று பத்ரி எடுத்துக்கொண்டார்.

அங்கே வந்துபோகிறவர்களில் ஒருவர் டெனிஸ். பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை, எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறவர். கையிலிருப்பது தீருவதற்குள் ரத்தப் பரிசோதனை செய்தால்தான் டாக்டர் அடுத்த மாத்திரைக்கு எழுதித் தருவார். ஒருநாள் அவர் பத்ரியிடம் ஆங்கிலத்தில் நேராகவே சொன்னார்.

"ரத்தம் எடுக்கிற இடத்துல திரைக்குப் பதிலா ஒரு கதவு போடுங்க. என் பேரைச் சத்தமா கூப்பிடாதீங்க. வெளியில என் ஸ்டூடன்ட்ஸோட பேரன்ட்ஸ் உட்கார்ந்திருக்காங்க."

"உங்க மக்களோட வலி எனக்குப் புரியுது, சகோதரி."

"என் மக்களை விடுங்க. எனக்குக் கதவு வேணும்."

பத்ரி தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலில் இருந்த பரிவைப் படம் பிடித்து மாட்டலாம்.

வீட்டில் மனைவி மானஸாவிடம் சொன்னபோது அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏன் பத்ரி, அவங்க கேட்டது ஒரு டோர் தானே? இன்ஸ்டால் பண்ணிட்டா முடிஞ்சுது."

"அதெல்லாம் மேலோட்டம், மானஸா. அவங்களுக்கு ரியலா வேண்டியது ரெஸ்பெக்ட். பப்ளிக்கா ஹானர் பண்ணணும். நம்ம தமிழ்ச் சங்கத்துல பண்றோம்ல, அந்த மாதிரி."

பார்த்தீர்களா? சுற்றிச் சுற்றி எங்கே வந்து நின்றார்! நமக்கு மரியாதை என்றால் மேடை, மைக், பொன்னாடை, குரூப் ஃபோட்டோ. பொங்கல் விழாவில் நாற்காலி மடக்கியவருக்கும் பொன்னாடை, மடக்குவதாகச் சொல்லிவிட்டு வராதவருக்கும் பொன்னாடை. ஊருக்கே தெரியாத மரியாதை ஒரு மரியாதையா?

அப்படியாக ஒரு சனிக்கிழமை கிளினிக் வாசலில் பந்தல் முளைத்தது. 'நலத் திருவிழா' என்று பேனர். குத்துவிளக்குக்குத் தீயணைப்புத் துறை சம்மதிக்காது என்பதால் பேட்டரியில் எரியும் விளக்கு. மாத்திரை தீரப்போகிறதே என்ற கவலையோடு டெனிஸ் வந்தார். இத்தனை கூட்டத்தில் நம்மை யார் கவனிக்கப்போகிறார்கள் என்று நினைத்துப் பேரைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார்.

பத்ரி கவனித்தார். மைக்கைத் தட்டினார்.

"இன்னைக்கு எச்.ஐ.வி. டெஸ்ட்டுக்கு முதல் ஆளா, தைரியமா வந்திருக்கிற நம்ம சகோதரி, கணக்கு டீச்சர் மிஸ் டெனிஸ்! எல்லாரும் ஒரு பெரிய கைதட்டல்!"

சொல்லி முடிப்பதற்குள் ஜரிகை போட்ட பொன்னாடை டெனிஸின் தோளில் விழுந்துவிட்டது. கேமரா மின்னியது. முன்வரிசையில் அவருடைய மாணவி ஒருத்தியின் தாய், கைதட்டப் போனவள், பாதியில் நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். டெனிஸ் அதைப் பார்த்தார். பொன்னாடையை எடுத்து மைக் ஸ்டாண்டின் மேல் போட்டுவிட்டு, காரை நோக்கி நடந்தார்.

பத்ரிக்கோ மனசு நிறைந்திருந்தது. வீட்டுக்கு வந்து படத்தைச் சங்கத்து வாட்ஸ்அப்பில் போட்டார். கைகூப்பும் பொம்மைகள் வந்து குவிந்தன.

"ரொம்ப எமோஷனல் ஆயிட்டாங்க மானஸா. பேச்சே வரல அவங்களுக்கு."

மானஸா படத்தைப் பார்த்தாள். "அய்யோ, முதல்ல டெலீட் பண்ணு இதை! அவங்க பிரைவசி என்ன ஆறது? சரி, டெஸ்ட் எடுத்துக்கிட்டாங்களா?"

"எது?"

"டெஸ்ட், பத்ரி. அதுக்குத்தானே வந்தாங்க? மாத்திரை கிடைச்சுதா, இல்லையா?"

அன்று முழுக்கப் பத்ரிக்குத் தோன்றாத ஒரே கேள்வி அதுதான். டெனிஸ் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை. எங்கே போனார், மாத்திரை கிடைத்ததா என்பது கிளினிக்கில் ஒருவருக்கும் தெரியாது.

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். உங்கள் வீட்டில், ஆபீஸில், உங்கள் நல்லெண்ணத்துக்கு ஆளானவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். நான் பத்ரி மாதிரி இல்லையப்பா என்று மார்தட்டிக்கொள்கிறீர்கள், சரி. அதை அவர்களில் யாரிடம் கேட்டீர்கள்?