செக்கிங் முசியேவின் நாற்காலி

காரைக்காலில் செக்கிங் முசியேவின் மூக்கு நுழையாத சோற்றுப் பாத்திரமே கிடையாது. பாரீஸில் ஏதோ ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவிவிட்டு, பிரெஞ்சு பென்ஷனோடும், 'ஐயா'வுக்கு பிரெஞ்சில் சொல்லும் 'முசியே' பட்டத்தோடும் ஊர் திரும்பியவர். விஞ்ஞானத்தையே கழுவிக் கவிழ்த்தவர் போல நடப்பார்.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான், எழுபதுகளின் கடைசியில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஒரு மெஸ்ஸிலிருந்து வீடுகளுக்கு சைக்கிளில் சாப்பாட்டுக் கேரியர் சுமந்தேன். மெஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கட்டி முடித்த கேரியரையெல்லாம், ஆளுக்கேற்ற சாப்பாடுதானா என்று பார்க்க, முசியே பிரிப்பார்.

"உடம்புலயும் உன்னை மாதிரி சுமக்குறவன் இருக்கான்ப்பா. ட்ரான்ஸ்ஃபர் ஆர்.என்.ஏ.ன்னு பேரு. புரதம் கட்ட அமினோ அமிலம் தூக்கிட்டுப் போவான். ஏத்திவிடுறது ஒரு என்சைம். ரெண்டு அமிலம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், மாத்தி ஏத்திடும். அப்புறம் அதுவே திரும்பப் பார்த்து, தப்பானதைப் பிய்ச்சு எறியும்."

"எறியலைன்னா முசியே?"

"புரதம் கோணலாகும். கோணல் சேர்ந்தா நரம்பே கெட்டாலும் கெடும்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு அடுத்த ரசத்தை முகர்ந்தார். அன்றிலிருந்து கால் மரத்துப்போனாலே, என் உடம்பில் செக்கிங் ஆள் லீவு என்று எனக்கு வியர்க்கும்.

இப்படிப் பிரித்துப் பிரித்துச் சோறு ஆறியது, வாடிக்கைக்காரர்கள் கொதித்தார்கள். முதலாளி தீர்ப்புச் சொன்னார்: "இனிமே முசியே கேரியரைத் தொடக்கூடாது. இன்னொரு நாள் லேட்டாச்சு, நீ வேற வேலை பார்த்துக்க."

மறுநாள் நாற்காலி காலி. பாதி வழிவரை நிம்மதியாக மிதித்தேன். பிறகு வாடிக்கைக்காரர் ஒருவர் நினைவுக்கு வந்தார். தையல்கார அக்காவுக்கு இறால் ஆகாது. ஒருமுறை தின்று, தொண்டை வீங்கி, பிழைத்ததே பெரிய பாடு. அவர் கேரியரும் பக்கத்து வீட்டு வாத்தியார் கேரியரும் ஒரே மாதிரி. வேலை போனாலும் போகட்டும் என்று நடுரோட்டில் பிரித்தேன். அக்காவின் அடுக்கில் இறால் தொக்கு இளித்தது.

கேரியர்களை மாற்றிக் கொடுத்துவிட்டு, நேரம் கழித்து மெஸ்ஸுக்கு வந்து சொன்னேன். முதலாளி வேலையை விட்டு நீக்கவில்லை. "அந்த நாற்காலியத் தூசி தட்டி வைய்யி" என்றார். முதலாளிகள் மன்னிப்புக் கேட்கும் அழகு அது.

முசியேவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். நடந்ததைச் சொன்னேன்.

"பிரிச்சுப் பாருங்க முசியே" என்று கேரியரை நீட்டினேன்.

"நீ பார்த்துட்டேல்ல? போதும்."

முகராமல், கிளறாமல், இலையில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவர் சாப்பிட்டு எழும்வரை, பக்கத்தில் நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருந்தேன்.