ரிப்போர்ட் வாசிக்கும் புவனேந்திரன்

அடுத்தவருடைய இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்க்காவிட்டால் சோறு இறங்காத பிறவிகள் சில உண்டு. உங்கள் பக்கத்திலும் ஒருவர் இருப்பார், இல்லையென்று சொல்லாதீர்கள்.

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டமொன்றில் அந்தப் பதவி, கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற புவனேந்திரனுடையது. பதுளை பஸ் வந்து நின்றதும் யார் கையில் கவர் இருக்கிறதென்று அவர் கண் தானாகவே தேடும். வாங்குவார், வெளிச்சத்தில் பிடிப்பார், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவார், "ம்ம்ம்..." என்று ஓர் இழுப்பு இழுப்பார், அதிலேயே கொண்டுவந்தவருக்குப் பாதி உயிர் போய்விடும். மீதிப் பாதி அவர் வாய் திறக்கும்போது போகும். அவருடைய வைத்திய சாஸ்திரம் ஒரே வரிதான்: கூடினால் கெட்டது. சீனி வருத்தத்தில் பலித்தது, கொலஸ்ட்ரோலில் பலித்தது. வேறென்ன வேண்டும்?

அதே தோட்டத்துக் கலாராணிக்குப் பதுளையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி எல்லாம் போட்டு முடித்து, ஊசி உடம்பில் பிடித்திருக்கிறதா என்று பார்க்க இரத்தமும் கொடுத்து, ரிப்போர்ட்டோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். இறங்கியது அவர் முன்னால்.

"இந்தா, அளவு பத்துன்னு போட்டிருக்கான். ஒனக்கு அறுநூத்தி நாப்பது!"

"அப்புடின்னா என்னங்கய்யா?"

"ஈரல் வருத்தம்மா. நல்லா முத்திருச்சு."

பொழுது சாய்வதற்குள் லயத்து வீடுகள் முழுக்கத் தெரிந்துவிட்டது. மாமியார் பெரியாயி கலாராணிக்குத் தனிக் கோப்பை வைத்தாள். அதோடு விட்டாளா, கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு அடுத்த காம்பராவுக்குப் போய்விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை அம்மாவைக் கேட்டு வீறிட, இந்தப் பக்கம் கலாராணி வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதாள். பாவம், அந்தப் பச்சை மண் என்ன கண்டது? புவனேந்திரனுக்கும் துக்கம்தான். ஆனால் சரியாகக் கண்டுபிடித்தவரின் துக்கம் அல்லவா, அதில் ஒரு தெம்பும் இருந்தது.

மறுநாள் டொக்டரிடம் அவரும் கூடவே போனார். டொக்டருக்கு யார் விளக்கம் சொல்வது?

டொக்டர் ஆர்த்திகா யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ரிப்போர்ட்டைப் பார்த்தார், இவரையும் பார்த்தார்.

"ஆர் சொன்னது வருத்தமெண்டு? முதல் வரியிலேயே வைரஸ் இல்லையெண்டு கிடக்கு. இந்த இலக்கம் ஊசியால வந்த பாதுகாப்பு. பத்துக்கு மேல இருந்தால் நல்லது. இதென்ன சீனியே, கூடினால் பயப்பட?"

முதல் வரியைப் புவனேந்திரன் வாசிக்கவில்லை. அதில் எண் இல்லை. எண் இல்லாத வரியை அவர் மதிப்பதில்லை.

"அப்ப, புள்ளயத் தூக்கலாங்களா?" என்று கேட்டாள் கலாராணி.

"வைரஸ் இருந்தாலும் தூக்கலாம் அம்மா. தூக்கினாலும் தொத்தாது, ஒரே கோப்பையில குடிச்சாலும் தொத்தாது."

அவள் அங்கேயே சத்தம்போட்டு அழுதாள். புவனேந்திரன் மின்விசிறியை மிகுந்த அக்கறையோடு பரிசோதித்தார்.

திரும்பும் வழியில், பசறை தாண்டியதும் அவருக்குப் பேச்சு வந்தது. "ஏம்மா, அறுநூத்தி நாப்பதுன்னு நான் சரியாத்தானே வாசிச்சேன்?"

கலாராணி தோட்டம் வருகிறதா என்று ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் நின்றதும் ஓடிப்போய், பெரியாயி இடுப்பிலிருந்த பிள்ளையை, ஒரு வார்த்தை கேட்காமல் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லது. ஆனால் பத்துக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு என்று இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டதே! பக்கத்து வீட்டில் யாராவது இரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்களா என்று ஒரு நடை போய்க் கேட்கத் தோன்றுகிறதா?

உட்காருங்கள், டொக்டரய்யா.