உப்பில் ஜோடி இல்லை

மைக்கைக் கையில் வாங்கிய பிறகுதான், மனைவி லீலாம்மா காரில் சொன்னது கெமிஸ்ட்ரி வாத்தியார் குரியாக்கோஸ் மாஷுக்கு நினைவு வந்தது.

"வாழ்த்துனமா இறங்குனமான்னு இருக்கணும். கெமிஸ்ட்ரி எடுத்தீங்க, தனியாத்தான் வீட்டுக்குப் போவீங்க."

பாலா மாதா கோயில் மண்டபத்தில் லீலாம்மாவின் அக்கா மகள் டெஸ்ஸிக்கு மனசம்மதம் என்கிற கல்யாண நிச்சயம். மாஷும் சும்மா வாழ்த்திவிட்டு இறங்கியிருப்பார். ஆனால் அவருக்கு முன் பேசிய மாப்பிள்ளையின் தாய்மாமன், மணமக்கள் சோடியமும் குளோரினும் போல, உப்பின் ஒரே மூலக்கூறாக வாழ வேண்டும் என்று சொல்லித் தொலைத்தார்.

உப்புக்கு மூலக்கூறு என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் மார்க் வெட்டியவர் மாஷ். எங்கள் கெமிஸ்ட்ரி வாத்தியார் கூட்டமே இப்படித்தான். கல்யாணம் நின்றாலும் பரவாயில்லை, தப்பு நிற்கக் கூடாது.

"ஒரு சின்னத் திருத்தம்," என்றார். "உப்புல ஜோடியே கிடையாது. ஒரு சோடியத்தைச் சுத்தி ஆறு குளோரைடு. அதுக்கு ஆறும் ஒண்ணுதான்."

மாப்பிள்ளை ஜோபின் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தான். டெஸ்ஸி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

சரிக்கட்டுவதாக நினைத்து மாஷ், சோடியத்தை மட்டும் குறை சொல்ல வேண்டாம், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம் உண்டு என்றார். பெண்ணின் அப்பா அவராச்சன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அப்ப ஒண்ணுக்கு ஒண்ணுன்னு ஃபார்முலா எழுதறது என்னத்துக்கு?"

"அது வெறும் விகிதம், அச்சாயா. மொத்தத்துல ஆணுக்கு ஒரு பொண்ணுன்னு தலைக்கணக்கு. யாருக்கு யாருன்னு அதுல இருக்காது."

பங்குச் சாமியாரே வந்து மைக்கைப் பிடுங்கினார். லீலாம்மா இருந்த பக்கம் பார்க்க மாஷுக்குத் துணிவில்லை. நேராகக் கை கழுவும் அறைக்குள் போய் ஒளிந்துகொண்டார். ஒரு பெண்ணின் வாழ்க்கையை வாயாலேயே கெடுத்துவிட்டோமே என்று அவருக்கு அழுகை வந்தது. மூலக்கூறு என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தால் உப்பு என்ன கோபித்துக்கொள்ளவா போகிறது?

கதவு திறந்தது. மாப்பிள்ளை ஜோபின். உள்ளே வந்து தாழ் போட்டான். அடி விழும் என்று மாஷ் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார்.

ஜோபின் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"யார் சொன்னாங்கன்னு கேக்கல மாஷே. ஆனா ஆறுங்கறது அநியாயம். மூணுதான்."